எட்டுக் குச்சிகள்

டோக்கன் முப்பத்தொன்று. உள்ளே போயிருப்பது பதினெட்டு. நடுவில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள், பன்னிரண்டு பெண்கள் என்றே சொல்லிவிடலாம், ஏனென்றால் இந்த ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற பெயர் பெண்ணுடையது, ஃபைல் பெண்ணுடையது, ஃபைலைச் சுமக்கிற கையும் பெண்ணுடையது. கூட வருகிற ஆண்கள் எல்லாரும் கல்யாண மண்டபத்தில் செருப்புக்குக் காவல் நிற்க வந்தவர்கள் மாதிரி சுவரோரமாக நின்று செல்போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். தாரணி மடியில் ஃபைலை வைத்து, ஃபைலின் மேல் பிளாஸ்க்கை வைத்து, பிளாஸ்க்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாக்கு வறண்டு கிடந்தது. பிளாஸ்க்கில் சீரகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் இருக்கிறது, காலையில் மாமியார் தன் கையால் ஊற்றி மூடிக் கொடுத்தது, இருந்தும் அதைத் திறக்கப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அதைப் போலத்தான் அந்தக் கேள்வியும். டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி. டாக்டர், இவருக்கு இன்னொருக்கா டெஸ்ட் எடுத்துப் பாக்கலாமுங்களா? காலையில் தோசைக்கல்லின் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தபோது வாயில் வழுக்கிக்கொண்டு வந்தது. பஸ்ஸில் சொல்லிப் பார்த்தபோதும் வந்தது. ஆனால் டாக்டர் அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, ஏம்மா, அவரு ரிப்போர்ட்தான் நார்மல்னு இருக்கே, மறுபடி எதுக்கு என்று கேட்பாளே, அதற்கு என்ன சொல்வது? அங்கேதான் எல்லாம் நின்றுவிடுகிறது. எதுக்கு? தெரியவில்லை. ஆனால் இன்றைக்கு ஒரு காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும், வருகிற வியாழக்கிழமை தொப்புளுக்குக் கீழே ஓட்டை போட்டு உள்ளே கேமராவை விட்டுப் பார்ப்பார்கள், வேண்டியிருந்தால் அப்படியே வெட்டவும் செய்வார்கள், வியாழக்கிழமை என்று நாள் குறித்தது மாமியார், ஏனென்றால் வெள்ளிக்கிழமை வீட்டுப் பெண் உடம்பில் கத்தி படக்கூடாதாம். வியாழக்கிழமை பட்டால் பரவாயில்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். போட்ட பிறகு கேட்டு என்ன பயன்.

சுவர் முழுக்கக் குழந்தைகளின் படங்கள். ஒன்றாவது இந்த ஊர்க் குழந்தையா என்றால் இல்லை, எல்லாம் நீலக் கண்ணும் சோளப் பட்டு மாதிரி முடியுமாகச் சிரிக்கின்றன. ஒரு குழந்தையின் வாயோரத்தில் எச்சில் வழிந்து மினுங்குகிறது. முதல் தடவை வந்தபோது அந்த எச்சிலைத் துடைத்துவிட வேண்டும் போல அவளுக்குக் கை துறுதுறுத்தது. மூன்று வருஷம் ஆகிவிட்டது, இப்போது அதைப் பார்த்தால் குமட்டுகிறது. பினாயில் நெடியும், யாரோ தலையில் வைத்திருக்கிற வாடின மல்லிகையும், பக்கத்தில் இருக்கிறவள் தின்கிற முறுக்கின் எண்ணெய்ச் சிக்கு வாடையும் ஒன்றாகச் சேர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டன. பக்கத்தில் இருப்பவள் மருமகளைக் கூட்டி வந்திருக்கிற மாமியார், பெருந்துறைப் பக்கமாம், வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷமே தன் வீட்டுச் சரித்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டாள். "உனக்கு எத்தன வருசமாச்சு அம்மிணி?" என்றாள், முறுக்கை ஒடித்து நீட்டிக்கொண்டே. ஏழு வருசமுங்க என்றாள் தாரணி. "அடியாத்தா. ஒண்ணுமே நிக்கலையா?" நிக்கலீங்க. "கொறை ஆருகிட்ட?" இதைத்தான் எல்லாரும் கேட்பார்கள், காய்கறிக் கடையில் சொத்தைக் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி. கொறை ஆருகிட்ட. தாரணி வாயைத் திறக்கும் முன்னால், அந்தப் பக்கம் சுவரோரம் நின்றிருந்த அவள் புருஷன் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமலே, "இவளுக்குத்தானுங்க. எனக்கு எல்லாம் நார்மலுங்க," என்றான். நல்ல மனுஷன். கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அந்த அம்மாள் தாரணியை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்துவிட்டு, நீட்டிய முறுக்கைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள்.

அவன் பெயரை அவள் சொல்ல மாட்டாள். கல்யாணமான ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று பிறந்த வீட்டில் சொல்லி வளர்த்தார்கள், இவளும் காலேஜ் வாசலை மிதித்தவள்தான், இருந்தும் நாக்கு அந்த இடத்தில் வளையாது. இங்கே முதல் நாள் கவுன்ட்டரில் கணவர் பெயர் என்ன என்று கேட்டபோது ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். சென்னியப்பன் என்று அந்தப் பெண் சத்தமாகப் படித்து, சிரித்துக்கொண்டே எழுதினாள். ஊரிலும் அவனைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. ஊசி டாக்டர் என்பார்கள். சுற்றுவட்டாரத்தில் பன்னிரண்டு ஊருக்கு மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன் அவன்தான். மாடு பருவத்துக்கு வந்து கத்தினால் போன் வரும், வண்டியில் அந்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புவான். கேனைத் திறந்தால் குபுகுபுவென்று வெள்ளைப் புகை வரும், காளையின் விந்தை அடைத்து உள்ளே உறைய வைத்திருக்கிற குச்சிகளில் ஒன்றை இடுக்கியால் எடுத்து, பிளாஸ்க்கில் கொண்டு போன இளஞ்சூட்டு வெந்நீரில் அரை நிமிஷம் போட்டு உருக்கி, முனையை வெட்டி, தோள்வரைக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டின கையை மாட்டின் பின்னால் விடுவான். அதெல்லாம் அவளுக்கு அருவருப்பே இல்லை. மாட்டுச் சாணியில் பிறந்து வளர்ந்தவளுக்குச் சாணி ஒரு நாற்றமா? கல்யாணமான முதல் மாதம் பால் சொசைட்டி மையத்துக்குக் கூட்டிப் போய், வா புள்ள ஒரு அதிசயம் காட்டறேன் என்று மைக்ராஸ்கோப்பில் காட்டினான். ஒரு சொட்டில் ஆயிரக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன, மழைத் தண்ணியில் தலைப்பிரட்டை ஓடுகிற மாதிரி. காளையோடதுங்களா என்று கேட்டுவிட்டு அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பு. அதை நினைக்கக்கூடாது. இப்போது அதை நினைத்தால் கேள்வி தொண்டைக்குள் போய்விடும். ராத்திரி நோட்டில் அவள்தான் எழுதுவாள், மாட்டுக்காரர் பெயர், மாட்டின் நிறம், குச்சியில் அச்சடித்திருக்கிற காளையின் நம்பர், தேதி. அவன் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுது என்பான், எழுதுவாள். ஒரு நாள்தான் எழுதாதே என்றான். எந்த நாள் அது? இருக்கட்டும். டோக்கன் இருபது உள்ளே போகிறது.

செவலை மாடு ஞாபகம் வந்தது. அதை ஏன் இப்போது நினைக்க வேண்டும், ஆனால் வந்துவிட்டது. பிறந்த வீட்டிலிருந்து அவளோடு வந்த மாடு, முதல் ஈற்றில் கிடாரிக் கன்று போட்ட மாடு, அப்புறம் நாலு ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. வீட்டு மாடு, ஊசி போட்டவன் வீட்டுக்காரன். சினை நிக்காத மாட்டுக்கு எத்தன நாளைக்குத் தீனி போடறது என்று மாமியார் சொன்னாள், மாட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. தாரணி மட்டும் ஒரு நாள் சொன்னாள், ஏனுங்க, கேனைத் திறந்தா இப்பல்லாம் பொகையே வரலியே, உள்ள காஞ்சு போச்சோ என்னமோ. காஞ்சு போனா குச்சியெல்லாம் செத்துப்போயிருக்குமில்லீங்க. அவன் கேனின் மூடியை அழுத்தி மூடினான். எனக்குத் தெரியாதா, நீ உன்ற வேலையப் பாரு என்றான். மறுவாரமே வியாபாரி வந்தான், செவலை வண்டியில் ஏற மாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டது, வாலை முறுக்கி ஏற்றினார்கள். அதற்கப்புறம் இரண்டு நாள் கழித்து, வண்டியில் கேனைக் கட்டிக்கொண்டு போய் நைட்ரஜன் நிரப்பி வந்தான். திறந்தபோது புகை பொங்கியது. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வார்த்தை சொன்னானா? ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவன் விஷயத்தில் கூடத்தையே வண்டியில் ஏற்றி அடிமாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது.

அவள் உடம்பில் பார்க்காத இடம் பாக்கியில்லை. ரத்தம் எடுத்தார்கள், மாதத்தில் ரெண்டாம் நாள், பன்னிரண்டாம் நாள், இருபத்தொன்றாம் நாள் என்று. உறை மாட்டின குழாயில் வழவழவென்று ஜெல்லைத் தடவி உள்ளே விட்டு டிவியில் பார்த்தார்கள். ஆயா அம்மாள் வாசலில் நின்று, பாவாடையக் கழட்டிட்டு வந்து வரிசையா நில்லுங்க என்று ரேஷன் கடையில் சொல்கிற மாதிரி சொல்வாள், துண்டு மட்டும் சுற்றிக்கொண்டு ஆறு பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் நிற்பார்கள். கர்ப்பப்பைக்குள் மருந்தை அடித்து டியூப் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்த அன்றைக்கு அவள் பல்லைக் கடித்த கடியில் நாக்கில் ரத்தம் வந்தது. திறந்துதான் இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உள்ளே போய்ப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். வீட்டில் மாமியார் வேறு வைத்தியம், தலை முழுகின மூன்றாம் நாள் வெறும் வயிற்றில் மலைவேம்புச் சாறு, பச்சைப் பாம்பின் நிறத்தில் டம்ளர் நிறைய, குடித்து முடிக்கிறவரை வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாள், துப்பிவிட்டால் மறுபடி அரைப்பாள். அந்தக் கசப்பு இரண்டு நாள் எச்சிலில் இருக்கும், சோற்றில் இருக்கும், ராத்திரி அவன் பக்கத்தில் வந்து படுத்தால் அவன் மூச்சிலும் அதே கசப்பு இருக்கிறாற்போலத் தோன்றும். நாத்தனார் வளைகாப்பில் அவளை மணையில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மாசமா இருக்கறவ தின்னு வெச்ச சோத்தத் தின்னா ஒனக்கும் தங்கும் என்று, நாத்தனார் கையை வைத்துப் பிசைந்து பாதியில் வைத்த புளிச்சோற்றை, அந்த எச்சில் இலையிலேயே, இருபது பெண்கள் பார்க்கத் தின்ன வைத்தார்கள். ஒரு பருக்கையில் நாத்தனாரின் நகப்பூச்சுத் துணுக்கு ஒன்று சிவப்பாக ஒட்டியிருந்தது. அதையும் விழுங்கினாள். பந்தலுக்கு வெளியே அவன் யாருக்கோ போனில் பேசிக்கொண்டிருந்தான், நம்மகிட்ட ஒண்ணும் இல்லீங்க, ரிப்போர்ட் கைல இருக்குது என்று. அந்தச் சோறு வயிற்றுக்குள் இறங்கும் முன்னால் அந்த வார்த்தை இறங்கிவிட்டது. ரிப்போர்ட் கைல இருக்குது.

நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, டோக்கன் இருபத்திநாலின் புருஷனிடம் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தாள். மீசைகூடச் சரியாக முளைக்காத பையன் மாதிரி இருந்தான், டப்பாவைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, நடைபாதைக் கடைசியில் இருக்கிற அறைக்குத் தலையைக் குனிந்துகொண்டு போனான். "இங்க முடியலைன்னா வீட்லயிருந்தும் கொண்டாரலாங்க," என்றாள் நர்ஸ் பின்னாலிருந்து, ஊருக்கே கேட்கும்படி, "ஆனா அர மணி நேரத்துக்குள்ள வந்தரணும். சூடு ஆறக்கூடாது, ஒடம்போட ஒட்டி வெச்சுக் கொண்டாங்க." வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாரணியின் புருஷன் குனிந்து அவள் காதருகே, "மானங்கெட்ட பொழப்பு. நானெல்லாம் இந்த ரூமுக்குள்ள போகவே மாட்டேன். அதான் அன்னைக்கு வீட்லயிருந்தே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்," என்றான். அவன் வாயில் பாக்கு வாடை அடித்தது. சூடு ஆறக்கூடாது. அந்தச் சொல் எங்கேயோ போய்த் தட்டிக்கொண்டு நின்றது. சூடு. ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை அது. டவுனில் ஏதோ ஒரு லேபில் கொடுக்கப்போகிறேன் என்று விடியற்காலையில் எழுந்துவிட்டான், மூன்று வருஷம் மாட்டேன் மாட்டேன் என்றவன் தானாகவே எழுந்தான் என்று அவள் மனம் குளிர்ந்து போயிருந்தாள், காபி போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்படிக்கு வந்து, வெந்நி வை, பிளாஸ்க்ல ஊத்திக் குடு, கை பொறுக்கற சூடு போதும் என்றான். மாடா, இந்நேரத்துலயா என்றாள். ஆமா, போற வழில ஒண்ணு இருக்குது. ஒன்று. ஒன்று என்றுதான் சொன்னான். அதற்கு முந்தின வாரம் ஒரு நாள், சொசைட்டி மையத்திலிருந்து இருட்டும் நேரத்துக்கு வந்தவன் சோறு வேண்டாம் என்று கைகூடக் கழுவாமல் கட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான், காய்ச்சலோ என்று கழுத்தில் கையை வைத்தால் தட்டிவிட்டான். மையத்தில் அன்றைக்கு யாரும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை, பூட்டித்தான் இருக்கும், சாவி இவனிடம். மைக்ராஸ்கோப்பும் அங்கேதான் இருக்கிறது. தனியாக அங்கே என்ன பார்த்தான்?

தொண்டை ஒரேயடியாகக் காய்ந்துவிட்டது. இனித் தாங்காது என்று பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். சீரக வாசனை. இரண்டாவது வாய் தொண்டையில் இருக்கும்போது பிளாஸ்க்கின் வாயோரத்தில் இருந்த கீறல் கண்ணில் பட்டது, வெட்டுக் கத்திரி பட்டுச் செதில் பெயர்ந்த கீறல், அது காபி பிளாஸ்க் இல்லை, அவனுடைய பிளாஸ்க். வீட்டு பிளாஸ்க் உடைந்து போனதால் மாமியார் இதைக் கழுவி எடுத்திருக்கிறாள், கழுவினாப் போச்சு என்கிற ஜாதி அவள். வாயில் இருந்த தண்ணீர் அப்படியே நின்றது. இதே பிளாஸ்க்கை அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் அவளும் கழுவினாள். கவிழ்த்தபோது உள்ளேயிருந்து சளசளவென்று விழுந்தன, குச்சிகள், காலிக் குச்சிகள், எட்டு. காலிக் குச்சியை அவன் மாட்டுக்காரன் வீட்டு எருக்குழியில்தான் எறிந்துவிட்டு வருவான், ஒரு நாளும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. இன்னைக்கு நல்ல ஓட்டமாட்டம் இருக்குது, எட்டு மாடா என்று கேட்டுக்கொண்டே அவற்றைப் பொறுக்கினாள். எட்டிலும் ஒரே காளை நம்பர். எட்டிலும் இரண்டு முனையும் வெட்டியிருந்தது. மாட்டுக்குப் போடுகிற குச்சியில் ஒரு முனையைத்தான் வெட்டுவார்கள், மறுமுனையில் பஞ்சு அடைத்தபடியே இருக்கும், அதைத் தள்ளித்தான் ஊசி போகும், ஏழு வருஷமாகப் பார்க்கிறவளுக்குத் தெரியாதா. இரண்டு முனையையும் வெட்டினால் உள்ளே இருப்பது தானாக ஒழுகிவிடும். எங்கே ஒழுகும். எதற்குள் ஒழுகும். அன்றைக்குச் சாயந்தரம் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எட்டும் ஆராரு மாடுங்க சொல்லுங்க என்று பேனாவைத் திறந்தாள். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே, இன்னைக்கு மாடு ஒண்ணுமில்ல, எழுதாத என்றான். எழுதாதே. அந்த நாள்தான். தொண்டையில் முள் மாதிரி நாலு மாதமாக நின்றது அதுதான், விழுங்கவும் முடியாமல், துப்பவும் தெரியாமல். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது, அவளே வாசித்துக் காட்டினாளே அவனுக்கு, நிறம் இளமஞ்சள், ஓட்டம் நன்று, எண்ணிக்கை நன்று. அந்தக் குச்சிக்குள் இருப்பதில் முட்டை மஞ்சள் கருவைக் கலந்திருப்பார்கள், அதுதான் அந்த நிறம் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவனும் அவனேதான். லேபில் இருந்தவர்கள் எண்ணினார்கள், எழுதினார்கள், ஓடுகிறது யாருடையது என்று முகத்தையா பார்ப்பார்கள். நல்ல சாதிக் காளை. நார்மலாகத்தான் இருக்கும். இந்த நாலு மாதம், இந்த வளைகாப்புச் சோறு, இந்த மலைவேம்பு, வருகிற வியாழக்கிழமை வயிற்றில் கத்தி, எல்லாம் முகம் தெரியாத ஒரு காளையின் நற்சாட்சிப் பத்திரத்துக்காக. அவள் எழுந்து கை கழுவும் தொட்டியை நோக்கி ஓடினாள். வாயில் இருந்த தண்ணீர், அதற்குப் பின்னால் காலைத் தோசை, அதற்குப் பின்னால் பச்சையாகக் கசப்பு, எல்லாம் வந்தது. தொட்டியில் யாருடையதோ தலைமுடி வேறு சுருண்டு கிடந்தது.

முதுகை யாரோ தடவினார்கள். முறுக்குக்காரி. அவள் கையில் இன்னும் எண்ணெய் இருந்தது. "ஏஞ்சாமி, எத்தன நாளாச்சு தலைக்கு ஊத்தி? அடப் பைத்தியக்காரி, இது நல்ல சேதியாட்டம் இருக்குதே," என்று சிரித்தாள், சிரித்த கையோடு சுவரோரம் திரும்பி, "ஏனுங் தம்பி, வந்து பாருங்க, உங்க வூட்ல வாந்தி எடுக்குது. சாமி கண்ணத் தொறந்துட்டானாட்டம் இருக்குது," என்று சத்தம் போட்டாள். வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பினார்கள், அத்தனை முகத்திலும் பொறாமையும் ஆசையுமாக ஒரே மாதிரி ஒரு பார்வை. தாரணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அவன் வந்து நின்றான். அவன் முகத்தைத்தான் அவள் பார்த்தாள், வேறு எதையும் பார்க்கவில்லை, ஏழு வருஷம் காத்திருந்த புருஷன் முகத்தில் இந்த ஒரு நொடியில் என்ன வர வேண்டுமோ அதற்காகப் பார்த்தாள், பொய்யாகவாவது வராதா என்றுகூடப் பார்த்தாள். வரவில்லை. நெற்றி சுருங்கியது, கண் அவள் வயிற்றுக்கு இறங்கியது, அங்கிருந்து மேலே ஏறி அவள் முகத்தில் எதையோ தேடியது, வீட்டுக்குள் திருடன் நுழைந்த தடத்தைத் தேடுகிறவன் மாதிரி. "எப்பிடி?" என்றான். மெதுவாகத்தான் கேட்டான். எப்பிடி. ரிப்போர்ட் கையில் இருக்கிறவன் கேட்கிற கேள்வி. ஒரு நொடி அவன்மேல் பாவமாக இருந்தது, பூட்டின மையத்துக்குள் ஞாயிற்றுக்கிழமை தனியாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, ஒன்றுமே ஓடாத கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றானோ, அன்றைக்கு வந்து அவள் மடியில் முகத்தை வைத்து ஒரு பாட்டம் அழுதிருந்தால் அவள் என்ன வேண்டாம் என்றா சொல்லியிருப்பாள். தத்து எடுத்திருப்பாள், இல்லாவிட்டால் இரண்டு பேருமாகக் கன்றுக்குட்டியை வளர்த்துக்கொண்டு கிடந்திருப்பாள். அந்தப் பாவம் அவன் கண் மறுபடி வயிற்றுக்கு இறங்கியபோது போய்விட்டது. தான் பார்த்த வெறும் கண்ணாடியை மறைக்க எட்டுக் குச்சி வெட்டியவன், இப்போது அவளை யாரோடு படுத்தாய் என்று கணக்குப் போடுகிறான். அவளுக்கு அவனுடைய கை, அவனுடைய வாய், அவன் போட்டிருக்கிற இஸ்திரிச் சட்டை, அந்தச் சட்டைப் பையில் மடித்து வைத்திருக்கிற ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ், எல்லாமே அருவருப்பாக இருந்தது. ஏழு வருஷத்தில் மாட்டுச் சாணியில் வராத குமட்டல். "ஒண்ணுமில்லீங்க. பிளாஸ்க் தண்ணி ஒத்துக்கல," என்றாள். அவன் மூச்சை விட்டான். நிம்மதியாக விட்டான், அதையும் அவள் பார்த்தாள்.

முப்பத்தொன்று, தாரணி என்று கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் அம்மா ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "வியாழக்கிழமை காலைல எதுவும் சாப்பிடாம வந்துரும்மா. இதுல ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க," என்று காகிதத்தைத் திருப்பி வைத்தாள். அவன் உடனே பேனாவை எடுத்துப் போட்டுவிட்டு அவளிடம் நீட்டினான். தாரணி பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்தாள். "டாக்டர், இவருக்கு இன்னொருக்கா டெஸ்ட் எடுக்கோணுமுங்க," என்றாள். சொல்லிவிட்டாள். தோசைக்கல்லின் முன்னால் சொன்னதைவிடச் சுலபமாகத்தான் இருந்தது. டாக்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கினாள். "ஏம்மா, அவரு ரிப்போர்ட் நார்மல்தான? மறுபடி எதுக்கு?" அவன் சிரித்தான். "இவளுக்கு ஆப்பரேசன்னா பயமுங்க மேடம். அதான் ஏதேதோ பேசறா." "பயந்தானுங்க," என்றாள் தாரணி. "இவருக்கு எடுத்துட்டு, அதுல ஒண்ணுமில்லைன்னு நீங்களே சொல்லுங்க. அப்பறம் என்னைய எங்க வேணும்னாலும் வெட்டுங்க." டாக்டர் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். நியாயம்தான், வெளி லேப் ரிப்போர்ட்தானே, நாமே ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இங்க கூச்சமா இருந்தா வீட்ல எடுத்து அரை மணி நேரத்துல கொண்டு வந்தாலும் பரவால்லைங்க," என்றாள். அவன் நாற்காலியில் நிமிர்ந்தான். "அதாங்க மேடம் சரி. நாளைக்குக் காலைல நானே கொண்டாந்தர்றனுங்க." கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

"வேண்டாமுங்க டாக்டர்," என்றாள் தாரணி. "வீட்லயிருந்து இவரு கொண்டாந்தா கன்னுக்குட்டிதாங்க பொறக்கும்."

டாக்டர் சிரிக்க ஆரம்பித்தாள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். "இவரு என்ன வேலை பாக்கறாரு?" என்றாள். மூன்று வருஷத்தில் அந்த ஃபைலில் யாரும் எழுதாத விஷயம் அது. சினை ஊசி போடறாருங்க என்றாள் தாரணி, நான்தான் நோட்டு எழுதறனுங்க என்றும் சேர்த்துச் சொன்னாள். டாக்டர் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, நிறம் என்று இருந்த இடத்தில் விரலை வைத்தாள். கையெழுத்துப் போடச் சொன்ன காகிதத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். மணியை அழுத்தினாள். அவன் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான், காது மடல் மட்டும் சிவந்திருந்தது. கேனின் மூடியை அழுத்தி மூடினவனிடமிருந்து இப்போதுதான் வருகிறது, எவ்வளவு நாளாக வராத புகை அது என்று அவளுக்குத் தோன்றியது. நர்ஸ் சின்ன டப்பாவோடு வந்து, மூடியில் ஒட்டியிருந்த சீட்டின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு, வழக்கம்போல ஃபைலை எட்டிப் பார்த்தாள். "தாரணின்னு எழுதட்டுங்களா?"

"என்ற பேரு வேண்டாம், எழுதாதீங்க," என்றாள் தாரணி. அவன் தலையைத் தூக்கினான். எந்த அட்டையையும் எடுப்பதற்காக அவள் பைக்குள் கையை விடவில்லை. "சென்னியப்பன்," என்றாள். நர்ஸுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். தாரணி எழுத்துக் கூட்டிச் சொன்னாள். நர்ஸ் எழுதிக்கொண்டாள்.